தாய்க்கும் ஒரு கட்டில்

மூன்று வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 95 சென்டிமீட்டர். ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னல் அதன் தலைக்கு மேலே இருக்கிறது. மேஜையின் அடிப்பாகம், குப்பைக்கூடை, சலைன் ஸ்டாண்டின் சக்கரம், வருவோர் போவோரின் முழங்கால் ஆகியவைதான் அதன் கண்ணுக்கு நேரே வருகின்றன. ஊசித் தட்டை யாரோ தூக்கிக்கொண்டு போவது தெரியும். தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளிப் போனால் கூரையும் டியூப்லைட்டும் மட்டுமே காட்சி. பெரியவர்களுக்காகக் கட்டிய மருத்துவமனைக்குள் குழந்தை நுழையும்போது எல்லாமே அளவு தப்பிப் போகிறது. குழந்தைகளுக்கான மருத்துவமனையை வடிவமைக்கும் வேலை இந்த அளவுகளை ஒவ்வொன்றாகத் திருத்துவதில் தொடங்குகிறது.

உடலின் கணக்கும் வேறு. பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தை 40 முதல் 60 முறை விடுகிறது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு அதிகம் என்பதால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பிரசவ அறையின் வெப்பம் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்; ஏ.சி.யைக் கூட்டிவைப்பது டாக்டருக்குச் சுகம், பிள்ளைக்கு ஆபத்து. மருந்து கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. ஒரு தசமப்புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். ஆகவே எடை பார்க்கும் தராசு எங்கே இருக்கிறது, எழுதிய மருந்தை இன்னொருவர் சரிபார்க்க நர்ஸ் மேஜையில் வெளிச்சமும் இடமும் இருக்கின்றனவா என்பதெல்லாம் கட்டடக் கலைஞர் யோசிக்க வேண்டிய விஷயங்களாகின்றன. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, ஆக்சிஜன் மாஸ்க், மூச்சுக்குழாயில் இறக்கும் குழாய் என்று ஒவ்வொன்றும் வயதுக்கு ஓர் அளவாக வேண்டும். பெரியவர் வார்டின் ஒரு மூலையைத் தட்டியால் மறைத்துக் குழந்தைகள் பிரிவு என்று பலகை மாட்டினால் இவை வந்துவிடாது.

குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணமே 200 ஆண்டுகளைச் சற்றே தாண்டியது. பாரிசில் 1802-இல் முதல் குழந்தைகள் மருத்துவமனை வந்தது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 1852-இல் சார்லஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் தொடங்கியபோது இருந்தவை பத்தே படுக்கைகள். கொழும்பின் லேடி ரிட்ஜ்வே மருத்துவமனை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. மும்பையில் பாய் ஜெர்பாய் வாடியா மருத்துவமனை 1929-இல் வந்தது. தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கென மருத்துவ வசதி வேண்டும் என்று முதலில் அழுத்திச் சொன்னவர்களில், செட்டிநாட்டை ஒட்டிய புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒருவர். பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று திரும்பி, சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தபோது இதற்காகவும் குரல் கொடுத்தார். சென்னை எழும்பூரில் குழந்தைகள் நல நிலையமும் மருத்துவமனையும் 1968-இல் உருவாயின. அதன் முதல் இயக்குநர் டாக்டர் எஸ்.டி. ஆச்சார், தமிழகக் குழந்தை மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். தெற்கே உள்ள மாவட்டங்களிலிருந்து ரயிலேறி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பூரில் இறங்கிய குடும்பங்கள் எண்ணற்றவை.

செட்டிநாட்டின் பெரும்பகுதி அடங்கிய சிவகங்கை மாவட்டத்தில் நிலை மாறியது அண்மையில்தான். 2012-இல் சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. காரைக்குடியில் அரசுத் தலைமை மருத்துவமனை இயங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 13 லட்சத்து 39 ஆயிரம். சிங்கம்புணரி ஒரு மூலை, இளையான்குடி மறுமூலை. நடுவே கண்மாய்களும் பொட்டல்களும் சிற்றூர்களும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மூச்சுத் திணறும் குழந்தைக்கு அது நீண்ட தூரம். பெரிய நகரத்துக்கு அனுப்பாமலே எவ்வளவு பார்க்க முடியும், அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்குமுன் என்ன செய்து அனுப்ப வேண்டும் என்பதே இப்படிப்பட்ட மாவட்டத்தில் குழந்தை மருத்துவச் சேவையின் மையக் கேள்வி.

கட்டடத்துக்கு வருமுன் ஒரு பழைய கொடுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குழந்தைகள் வார்டுக்குள் பெற்றோரை விடுவதில்லை. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்று அனுமதித்த மருத்துவமனைகள் உண்டு. தாய் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, கிருமி வருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். தாய் வராத நாளில் பிள்ளை அமைதியாக இருந்ததை, பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண்குழந்தையைப் படமெடுத்தார். அழுகை அடங்கி, முகம் இறுகி, கடைசியில் தாயைக் கண்டும் முகம் திருப்பிக்கொள்ளும் பிள்ளையை அந்தப் படத்தில் பார்த்தபின்தான், அந்த அமைதி உண்மையில் நம்பிக்கை இழப்பு என்பது மருத்துவ உலகுக்கு உறைத்தது. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே தாய்மாரைக் குழந்தையுடன் தங்கவைத்திருந்தார். அதைப் பின்பற்றியவர்கள் குறைவு. 1959-இல் பிரிட்டனின் பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு பிள்ளையின் தாய் உடன் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அப்படியொரு பிரிவினை வேர்விடவே இல்லை. தாய் கூடவே இருப்பாள். அவளுக்குத் துணையாக அப்பத்தாவோ ஆயாவோ வாசலில் இருப்பார். மேலைநாடு அரை நூற்றாண்டு போராடிக் கற்றது இங்கே இயல்பாக இருந்தது. ஆனால் அந்தத் தாய்க்கென்று கட்டடத்தில் ஓர் இடம் வரையப்படவில்லை. கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறாள். குளிக்க இடம் தேடுகிறாள். பால் கொடுக்க மறைவு தேடுகிறாள். சாப்பிட வெளியே போனால் பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் பட்டினி கிடக்கிறாள். பிரசவமாகி நான்கு நாளான உடம்போடு வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைகள் வார்டில் தாய் இருப்பதைப் பொறுத்துக்கொள்வதற்கும், அவள் இருக்கப்போகிறாள் என்று தெரிந்தே கட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒவ்வொரு குழந்தைக் கட்டிலுக்குப் பக்கத்திலும் சாய்ந்து படுக்கக்கூடிய இருக்கை, பூட்டு உள்ள சிறு அலமாரி, வார்டுக்குள்ளேயே குளியலறை, வெந்நீர், பாலூட்டும் அறை, தாய்க்கும் சேர்த்து உணவு: குழந்தைகள் பிரிவுக்கு வரைபடம் போடுகிறவர் முதலில் குறிக்க வேண்டியவை இவை.

தாய்க்கு இடம் தர வேண்டும் என்பதற்குச் சான்று, குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பிலிருந்தே கிடைத்திருக்கிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் திணறிய இரு மருத்துவர்கள், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலில் தோல் படக் கட்டிவைத்துப் பார்த்தார்கள். கங்காரு முறை என்று இன்று உலகமே அறிந்தது அதுதான். நெடுங்காலம் வரை, குழந்தை முதலில் இன்குபேட்டரில் தேறட்டும், பிறகு தாயிடம் கொடுக்கலாம் என்றே மருத்துவமனைகள் நடந்துகொண்டன. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்கு உட்பட்ட எடையில் பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்ததில், பிறந்தவுடனே தாயின் மார்பில் வைக்கப்பட்டவர்களிடையே முதல் 28 நாள் இறப்பு 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7 சதவீதம். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆய்வின் இந்திய மையம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. புது இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கு ஒரு கட்டில் போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கட்டிலுக்காகப் பிரிவின் பரப்பு, கழிவறை, நர்சுகளின் பயிற்சி, பிரசவ மருத்துவர் எங்கே வந்து தாயைப் பார்ப்பது என்பதெல்லாம் மாற வேண்டியிருந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரையாகவே அறிவித்தது.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு வைத்த அளவு; ஸ்டீல் தட்டைத் தொப்பென்று வைத்தாலே அது தாண்டிவிடும். இரவில் விளக்கைத் தணிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ. மகாராஷ்டிரத்தின் பண்டாரா மருத்துவமனையில் 2021 ஜனவரி 9 அதிகாலையில் 10 பச்சிளங்குழந்தைகள் தீக்கு இரையானார்கள். உத்தரப்பிரதேசத்தின் ஜான்சியில் 2024 நவம்பர் 15 இரவில் மீண்டும் அதே கொடுமை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சிளங்குழந்தை எழுந்து ஓடாது. ஒவ்வொன்றையும் ஒருவர் தூக்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். இரண்டாவது வாசல், மின்சுமையைத் தாங்கும் ஒயரிங், கதவை மறித்துக் கிடக்கும் அட்டைப்பெட்டிகளை அன்றன்றே அப்புறப்படுத்துவது என்று எல்லாமே குழந்தைநேயத்தில் சேரும். சுவரில் வரைந்த மயிலைவிட இவை முக்கியம்.

சுவர் ஓவியத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். குழந்தைகளுக்கேற்ற மருத்துவமனை என்றவுடன் பலருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கார்ட்டூன் பாத்திரங்களை வரைந்து வண்ணமடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெப்பீல்டு பல்கலைக்கழகத்தார் 2008-இல் 4 முதல் 16 வயதுவரை உள்ள 250 பேரிடம் மருத்துவமனை அலங்காரத்தைப் பற்றிக் கேட்டபோது, கோமாளிப் படங்கள் அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, பலருக்குப் பயமாகவே இருந்தன என்று தெரியவந்தது. பெரியவர்கள் குழந்தைத்தனம் என்று நினைப்பதும் குழந்தைகள் விரும்புவதும் ஒன்றல்ல. அதிலும் 13 வயதுப் பையனுக்கு முயல்குட்டி வரைந்த சுவர் வெட்கத்தைத் தரும். படம் வேண்டும்தான், அதைக் குழந்தையின் கண் உயரத்தில் வைக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் போகும் பிள்ளைக்குக் கூரையில் வைக்க வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்த பொருளாகவும் இருக்க வேண்டும். லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனை 2015-இல் பூங்காவுக்குள் புதிதாகக் கட்டப்பட்டபோது குழந்தைகளிடமே வரையச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-இல் வந்தது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையும் விளையாடும் உரிமையும் குழந்தைக்கு உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. வார்டில் படுத்திருப்பதால் அந்த உரிமைகள் போய்விடுவதில்லை.

செட்டிநாட்டுக்கு இதில் சொந்தமாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும் இந்த ஊர் வீடுகளின் உயிர் நடுவிலுள்ள திறந்த முற்றம். காரைக்குடி வெயிலில் சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போக, தாழ்வாரத்து நிழலின் குளிர்ச்சி அறைகளுக்குள் நுழைகிறது. உயரமான கூரையும் சுண்ணாம்புப் பூச்சும் அதற்கு உதவுகின்றன. மழையையும் வெயிலையும் வீட்டின் நடுவிலிருந்தே பார்க்கலாம். திண்ணையில் வந்தவர் உட்காரலாம். உள்ளே இருப்பவருக்கு இடைஞ்சல் இல்லை. குழந்தைகள் மருத்துவமனைக்குத் தேவையானவையும் ஏறக்குறைய இவையே. இயற்கைக் காற்றோட்டம் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, பொது வார்டில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று மாற வேண்டும் என்கிறது. ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்ட அறையில் இதைக் கொண்டுவரப் பெரும் செலவாகும். முற்றம் வைத்த கட்டடம் எளிதில் தந்துவிடும். இருமலும் காய்ச்சலுமாகக் குழந்தைகள் கூடும் ஓ.பி.யில் காற்றோட்டமே முதல் மருந்து. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. பெரியவர்களுக்கே இப்படியென்றால், நாளெல்லாம் கூரையைப் பார்த்துக் கிடக்கும் குழந்தைக்கு முற்றத்தில் ஒரு வேப்பமரம் என்னவெல்லாம் செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செட்டிநாட்டு வீட்டிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படும் ஆத்தங்குடித் தரைக்கல் அழகானது. சுடாமலே காயவைத்து எடுக்கப்படும் அது வழுவழுப்பும் கொண்டது. ஈரம் சிந்தும் வார்டில், சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளைக்கு வழுக்காத, இடுக்கில்லாமல் துடைக்கக்கூடிய தரைதான் வேண்டும். ஆனால் அந்தக் கல்லின் பூவேலையைச் சுவரில் வழிகாட்டியாக வைக்கலாம். நீலப் பூ போகும் வழியில் போனால் எக்ஸ்ரே, சிவப்புப் பூவின் வழியில் போனால் தடுப்பூசி என்றால், எழுத்துத் தெரியாத அப்பத்தாவும் நான்கு வயதுப் பேரனும் யாரையும் கேட்காமல் போய்ச் சேருவார்கள்.

இனி ஊசி. குழந்தையின் மனதில் மருத்துவமனை என்றால் ஊசிதான். அதைப் பெருக்கிவைத்ததில் வீட்டுக்கும் பங்குண்டு. சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டி வளர்த்த பிள்ளை, டாக்டரைக் கண்டதும் அலறுவதில் வியப்பில்லை. நல்ல குழந்தைகள் வார்டில் ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் கட்டு மாற்றவும் தனி அறை இருக்கும். பிள்ளையின் கட்டிலில் வைத்து இவற்றைச் செய்வதில்லை. கட்டில் அதன் வீடு. அங்கே வலி வராது என்ற நம்பிக்கை இருந்தால்தான் அது தூங்கும். கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது தாய்ப்பால் குடிக்கவைத்தால் வலி குறைகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. சற்றே பெரிய பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவதைவிட, தாய் மடியில் அணைத்தபடி உட்காரவைப்பது நல்லது. தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பு உண்டு. ஆனால் ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும், ஆகவே அது வார்டின் நேர ஒழுங்கைச் சார்ந்தது. காற்றாடி ஊதச் சொல்வது, சோப்புக் குமிழி விடச் சொல்வது போன்ற எளிய வழிகளும் பலன் தருகின்றன. வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்வது மட்டும் கூடாது. ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த முறை யாரையும் நம்பாது. கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று சொல்லி, சொன்னபடி பத்தில் முடிக்க வேண்டும்.

தெரியாததுதான் குழந்தையை அச்சுறுத்துகிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை வடிவமைக்கும் நிறுவனமொன்றில் பணியாற்றிய டக் டைட்ஸ், தான் வடிவமைத்த கருவியைக் கண்டு ஒரு சிறுமி அழுததை நேரில் பார்த்தார். அதன்பின் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில், ஸ்கேன் அறையையே கடற்கொள்ளையர் கப்பலாக மாற்றினார்கள். இயந்திரத்தின் சத்தமும் கதையில் ஒரு பகுதியாயிற்று. மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. இயந்திரம் பழையதுதான்.

விளையாட்டும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதைத் திட்டமாக்கியவர் எம்மா பிளாங்க். 1955-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவை நடத்தினார். பொம்மைக்கு ஊசி போட்டுப் பார்த்த பிள்ளைக்குத் தன் ஊசி விளங்குகிறது. இங்கே அதற்கு வெளிநாட்டுப் பொம்மை வேண்டாம். சொப்புச் சாமானும் மரப்பாச்சியும் பல்லாங்குழியும் இருக்கின்றன. மரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் ஒரு பிள்ளை விளையாடியதைக் கழுவித் துடைத்தபின் இன்னொன்றிடம் கொடுக்க வேண்டும். துணிப் பொம்மையில் கிருமி தங்கும் என்பதால் பொதுவில் வைக்கக் கூடாது. புற்றுநோய், தலசீமியா, சிறுநீரகக் கோளாறு என்று மாதக்கணக்கில் வந்துபோகும் பிள்ளைகளுக்கு விளையாட்டோடு பாடமும் வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் ஓர் ஆசிரியர் வார்டுக்கு வந்தால் அந்தப் பிள்ளை வகுப்பில் பின்தங்காது. குணமாகித் திரும்பிப் போவோம் என்ற எண்ணமும் அதற்கு வரும்.

கட்டடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சேவை ஒழுங்காக இல்லையென்றால் பயனில்லை. தேள் கொட்டிய பிள்ளை, மண்ணெண்ணெய் குடித்த பிள்ளை, கண்மாயில் மூழ்கி எடுத்த பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை யாரும் ஓ.பி. வரிசையில் நிற்க முடியாது. வாசலிலேயே ஒரு நர்ஸ் குழந்தையின் மூச்சையும் நிறத்தையும் நினைவையும் பார்த்து அவசரம், முன்னுரிமை, காத்திருக்கலாம் என்று பிரிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மலாவியின் பிளான்டயர் நகர மருத்துவமனையில் இதற்கேற்பக் குழந்தைகள் அவசரப் பிரிவை மாற்றி அமைத்தபின், 10 முதல் 18 சதவீதமாக இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 6 முதல் 8 சதவீதமாக இறங்கியது. நம்மைவிட வறிய நாட்டில், வரிசையை மாற்றியதால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் இவை.

இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயதுவரை பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் தேடிப் போகிறது. மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வண்டியில் போய்ப் பார்க்கின்றன. சந்தேகப்பட்ட குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. காது கேளாமை, மாறுகண், வளைபாதம், பேச்சுத் தாமதம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பது இந்த மையத்தின் நோக்கம். வளைபாதத்துக்குப் பிறந்த சில வாரங்களில் மாவுக்கட்டுப் போடத் தொடங்கினால் பெரும்பாலும் பெரிய அறுவையின்றிச் சரியாகும்; பிள்ளை நடக்கத் தொடங்கியபின் வந்தால் பாடு அதிகம். 2021 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த முஸ்கான் திட்டம், 12 வயதுவரை உள்ளவர்களுக்கான அரசு மருத்துவமனைச் சேவைகளை, குழந்தைநேயம் என்ற அளவுகோலை வைத்தே சோதித்துச் சான்றளிக்கிறது. பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சை, சத்துணவு மறுவாழ்வு மையம், குழந்தைகள் ஓ.பி., வார்டு ஆகியவை அதில் அடங்கும். 2020-இல் தமிழ்நாட்டின் சிசு மரணவிகிதம் ஆயிரத்துக்கு 13. இந்திய அளவில் 28. உயிர் பிழைக்கவைப்பதில் இவ்வளவு தூரம் வந்த மாநிலம், அந்த உயிர் மருத்துவமனையில் எப்படி நடத்தப்படுகிறது என்பதிலும் முன்னே நிற்க வேண்டும்.

இரண்டு பேர் மருத்துவமனைகளின் கணக்கில் விடுபட்டுப் போகிறார்கள். ஒருவர் பதின்பருவத்துப் பிள்ளை. குழந்தைகள் பிரிவு பொதுவாக 12 வயதோடு முடிந்துவிடுகிறது. 14 வயதுப் பையன் ஆண்கள் பொதுவார்டில், குடியால் ஈரல் கெட்டவருக்கும் விபத்தில் கால் போனவருக்கும் நடுவே படுத்திருக்கிறான். 13 வயதுப் பெண் தன் உடம்பைப் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேட்க மறைவான அறை இல்லை. இவர்களுக்குச் சில படுக்கைகளைத் தனியே ஒதுக்குவது பெரும் செலவல்ல. செய்யாமலிருக்கக் காரணம் கிடையாது.

மற்றவர் பாட்டி. பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டுவைப்பது, வசம்பு உரைத்துக் கொடுப்பது எல்லாம் தென் மாவட்டங்களில் அவர் கையில் இருக்கின்றன. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதில் கொடிய நச்சுக்கிருமியின் ஆபத்து உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் தேவையில்லை. இதைத் தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் நடக்காது. ஆலோசனை அறையில் மூன்றாவது நாற்காலி ஒன்றைப் போட்டு அப்பத்தாவையும் உட்காரவைத்து, மரியாதையோடு, ஏன் என்று விளக்கிச் சொல்ல வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் அந்தக் குடும்பத்தில் இனிப் பிறக்கும் எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்து ஏற்றுக்கொண்டார் என்று பொருள்.

மாவட்டத்தில் முடியாத சிகிச்சைக்கு மதுரைக்கும் சென்னைக்கும் போகத்தான் வேண்டியிருக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 வண்டி பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதன்பின் வாரக்கணக்கில் அந்தக் குடும்பம் எங்கே தங்குவது, எங்கே சமைப்பது? கூலி போய், கையிருப்புக் கரைந்து, சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு. மருத்துவமனைக்கு அருகிலேயே பெற்றோர் தங்க ஒரு வீடு என்ற ஏற்பாடு 1974-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. செட்டிநாட்டுக்கு இது புதிய யோசனை இல்லை. காசிக்குப் போகிற யாத்ரீகருக்காகச் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் அங்கே சத்திரம் நிறுவியது 1863-இல். இன்றும் கோயில் ஊர் பலவற்றில் அவர்களின் விடுதிகள் இருக்கின்றன. மதுரையிலும் சென்னையிலும் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில், அடுப்படியும் துணி உலர்த்த முற்றமும் உள்ள இருபது அறை விடுதி ஒன்றை எழுப்ப ஊர்ச் சங்கங்கள் இந்த ஆண்டே முன்வரட்டும்.